லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு எந்த ஆயில், எந்த கூலன்ட்? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கைமாறி என்னிடம் வந்தபோது அந்தக் கார் 1,72,000 கி.மீ. ஓடியிருந்தது. முதல் மாதமே டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் இறங்கியிருந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "வயசான வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சரி." மேனுவலில் 5டபிள்யூ-30 என்று தெளிவாகப் போட்டிருந்தும் நான் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வால்வ் கவருக்கு அடியிலிருந்து தையல் மெஷின் ஓடுவது போல டக்டக்டக் என்று சத்தம். பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அடங்கிவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால், வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பில் கோளாறு. ஊசித் துளை போன்ற பாதைகளில் ஓட வேண்டிய ஆயில் கெட்டியாக இருந்ததால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆயில் குறைந்ததற்கு உண்மையான காரணம் வால்வ் கவர் கேஸ்கெட் (இணைப்பில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை). அதை மாற்றி, 5டபிள்யூ-30-க்குத் திரும்பியதும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன.

அதன் பிறகு கூலன்டிலும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கியர் ஆயிலிலும் வேறு வேறு விதமாக மாட்டிக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

 

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

எதையும் வாங்கும் முன் இவை கையில் இருக்கட்டும்: ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் புத்தகம், பழைய ஓனரிடம் கிடைக்கும் பில்கள், வண்டியின் சேஸிஸ் எண். மேனுவல் தொலைந்திருந்தால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜின் வகை மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் காரில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஆயிலும் டீசல் இன்ஜினுக்கு வேறு ஆயிலும் இருக்கும்.

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் "கொள்ளளவு" என்று ஒரு அட்டவணை உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு திரவத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு (5டபிள்யூ-30 போன்ற கெட்டித்தன்மை எண்), தரக் குறியீடு (எந்தத் தரத்துக்குச் செய்தது என்று சொல்வது), எத்தனை லிட்டர். பலரும் கிரேடை மட்டும் பார்த்துவிட்டுக் குறியீட்டை விட்டுவிடுகிறார்கள். 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டப்பாக்களில் ஒன்று உங்கள் டீசல் காரின் புகை ஃபில்டரை அடைத்துவிடக்கூடும், மற்றது அதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கிரேடு சொல்லாது, குறியீடுதான் சொல்லும்.

டப்பாவின் பின்பக்கத்தையும் கவனித்துப் படியுங்கள். ஒரு கார் கம்பெனியின் குறியீட்டைப் போட்டு "அப்ரூவ்டு" என்று இருந்தால், அந்தக் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது. "பரிந்துரைக்கப்படுகிறது", "ஏற்றது" என்று இருந்தால், அது ஆயில் விற்பவர் தானே சொல்லிக்கொள்வது. பொய் என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வாரன்டி மிச்சமிருக்கும் வண்டியானால் முதல் வகையையே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

2. இப்போது உள்ளே இருப்பதைப் பாருங்கள்

புது வண்டிக்கு மேனுவல் போதும். ஓடித் தேய்ந்த வண்டியில், உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஒரு காலை நேரம், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி இவற்றைப் பாருங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழைத்த சந்தனம் போல வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். குளிர்ந்த காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தால் மூடியில் மட்டும் கொஞ்சம் இப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அந்த நிலையில் புது ஆயில் வாங்குவது வீண், முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கூலன்ட் டப்பாவில் துரு நிறமா, மேலே எண்ணெய்ப் படலமா என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் விழுந்திருக்கும் சொட்டு எந்த நிறம், எந்த இடத்துக்கு நேர் கீழே என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. நான் இதை முதலிலேயே செய்திருந்தால் 20டபிள்யூ-50 வாங்கியிருக்க மாட்டேன்.

3. இன்ஜின் ஆயில்

5டபிள்யூ-30-இல் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கானது. 'மெல்லிய ஆயில்' என்று நாம் பயப்படும் ஆயில்கூட, ஆறிய இன்ஜினில் சூடான நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பதே முக்கியம். பழைய இன்ஜினுக்கு இது இன்னும் முக்கியம்.

அப்படியானால் கெட்டி ஆயிலுக்கு மாறவே கூடாதா? மாறலாம், மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள். பல மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் கொண்ட ஒரு படம் இருக்கும். 5டபிள்யூ-30-உம் 5டபிள்யூ-40-உம் அதில் இருந்தால், ஆயில் கொஞ்சம் குறையும் வண்டிக்கு 40-ஐ எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. படத்தில் இல்லாத கிரேடுக்குத் தாவுவதுதான் நான் செய்த தப்பு.

"ஹை மைலேஜ்" (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, ஓடோமீட்டரில் ஏறி நிற்கும் எண்) என்று போட்டு விற்கும் ஆயில்கள் பெரும்பாலும் 1,20,000 கி.மீ. தாண்டிய இன்ஜின்களுக்கு என்று சொல்லப்படுகின்றன. இவற்றில் இறுகிப்போன ரப்பர் சீல்களைச் சற்றே மிருதுவாக்கி உப்ப வைக்கும் சேர்மானம் இருக்கிறது. லேசாக ஈரம் கசியும் சீல்களில் இது கைகொடுக்கும். கிழிந்த கேஸ்கெட்டை ஒட்டாது, தேய்ந்த பிஸ்டன் ரிங்கைப் புதிதாக்காது. கசிவும் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால், கிலோமீட்டர் எவ்வளவு ஏறியிருந்தாலும் இதற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இந்த வகையிலும் கிரேடும் குறியீடும் பொருந்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

குறியீடுகளில் இரண்டு தெரிந்தால் போதும். அமெரிக்க ஏ.பி.ஐ. முறையில் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு 'எஸ்' வரிசை. எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல் வந்தது. பெட்ரோல் கார்களுக்கு இதில் புதியது பழையதற்குப் பதிலாகப் பொருந்தும், எனவே மேனுவலில் எஸ்.எம். என்று இருந்தாலும் எஸ்.பி. வாங்கலாம். ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. முறையில் இந்த வசதி கிடையாது. சி3 என்பது சாம்பல் குறைவாக விடும் ஆயில், டீசல் புகை ஃபில்டர் உள்ள வண்டிகளுக்கானது. அங்கே ஏ3/பி4 ஊற்றினால் ஃபில்டர் நாளடைவில் அடைபடும். அந்த ஃபில்டரின் விலையைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஆயிலில் மிச்சம் பிடிக்கும் எண்ணமே வராது.

மினரல் ஆயிலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறினால் ஒழுகும் என்று பயமுறுத்துவார்கள். நல்ல நிலையில் உள்ள சீலை சிந்தெடிக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே வெடித்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவியதும் ஒழுகல் வெளியே தெரியும், அவ்வளவுதான். உள்ளே கரும்பசை நிறைய இருக்கும் இன்ஜினில் 'ஃபிளஷ்' திரவம் ஊற்றுவதை மட்டும் நான் தவிர்ப்பேன். மொத்தமாகப் பெயர்ந்த பசை ஆயில் பம்பின் வலையில் போய் அடைந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. சரியான ஆயிலையே ஊற்றி, வழக்கமான தூரத்தில் பாதிக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். மெதுவாகத்தான் சுத்தமாகும், ஆகட்டும்.

வாங்கும்போது ஃபில்டரையும் டிரெயின் போல்டுக்கான புது வாஷரையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கட்டும், டாப்-அப்புக்கு உதவும். பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் உள்ளே சுழலும் கிராங்க்ஷாஃப்ட் அடித்து நுரைத்துவிடும்.

4. கூலன்ட்: நிறத்தை நம்பாதீர்கள்

வண்டியின் கூலன்ட் டப்பாவில் இருந்தது இளஞ்சிவப்பு, நான் வாங்கி ஊற்றியதும் இளஞ்சிவப்பு. மூன்று மாதத்தில் டப்பாவின் அடியில் பழுப்பு நிறக் கூழ். கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டரைப் பலமுறை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

நிறம் வெறும் சாயம்தான். அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது துருத்தடுப்பு வகை: பழைய கனிம வகை, நீண்ட நாள் தாங்கும் கரிம அமில வகை (ஓ.ஏ.டி.), இரண்டும் கலந்த வகை (ஹெச்.ஓ.ஏ.டி.). கலந்த வகையிலேயே சிலிகேட் சேர்த்தது, பாஸ்பேட் சேர்த்தது என்று பிரிவுகள் உண்டு. டப்பாவில் ஓ.ஏ.டி., ஹெச்.ஓ.ஏ.டி. என்றோ கார் கம்பெனியின் குறியீடாகவோ இருக்கும். அதை மேனுவலோடு ஒப்பிடுங்கள். "எந்த நிறத்தோடும் கலக்கலாம்" என்று விற்பதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரத் தீர்வாக வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, அலசி, புதிதாக நிரப்புவதுதான் வழி.

கலவை பாதிக்குப் பாதி. தண்ணீர் டிஸ்டில்டாகவோ டிமினரலைஸ்டாகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வெப்பத்தைத் தடுக்கும். கெட்டி கூலன்டைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான கூலன்ட்களின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைவிட வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். உறையாமல் காக்கும் திறனும் குறையும்: பாதிக்குப் பாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும், கலக்காத கிளைக்காலோ மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும்.

இதில் பலர் விழும் ஒரு குழி உண்டு. அலசிய பிறகு இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் ஏற்கெனவே கலந்த கூலன்டை ஊற்றினால் மொத்தக் கலவை நீர்த்துப்போகும். அலசினால் கெட்டி கூலன்டையே வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு தண்ணீரால் நிரப்பினால் கணக்கு சரியாக வரும். நிரப்பிய பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். சிந்தியதை உடனே கழுவுங்கள், வடித்ததைக் குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாமல் மூடி வையுங்கள்.

5. பிரேக் ஃப்ளூயிட்

"பிரேக் ஆயில்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் டாட் (பிரேக் திரவத்தின் தரக் குறி) எண் போட்டு வரும் எதுவும் பெட்ரோலிய எண்ணெய் அல்ல. வண்டியின் பிரேக் டப்பாவில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ விழுந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப் போகும், மொத்த பிரேக் அமைப்பையும் பிரிக்க வேண்டி வரும். புனல்கூடத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்பது அந்த டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது. டாட் 5 மட்டும் சிலிகோன். 5.1 என்பதும் 5 என்பதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத் தெரிந்தாலும் உறவே கிடையாது, கலக்கவே கூடாது.

கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் தரக் கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதித்துக்கொண்டே வரும்போது திரவம் சூடாகிக் கொதிக்கலாம், அப்போது இந்த வித்தியாசம்தான் பெடல் தரையோடு போவதற்கும் போகாமலிருப்பதற்கும் காரணம். கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்த டப்பாவை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், சிறிய டப்பாவாக வாங்குங்கள். பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய வண்டியில் பிளீடிங் (பெடலை அழுத்திப் பழைய திரவத்தையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்யும்போது பெடலைத் தரை வரை அழுத்தாதீர்கள். தினமும் ஓட்டும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் சீல் பாதி தூரம்தான் போய் வரும். அதற்கு அப்பால் துரு படிந்திருக்கலாம், சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள், போதும்.

6. கியர்பாக்ஸ்: முதலில் மேல் போல்ட்

கையால் கியர் மாற்றும் (மேனுவல்) கியர்பாக்ஸில் ஆயில் மாற்றப் போகிறீர்கள் என்றால், வடிக்கும் போல்டைத் தொடும் முன் நிரப்பும் போல்டைக் கழற்றிப் பாருங்கள். நான் கீழ் போல்டை முதலில் திறந்து பழைய ஆயிலை எல்லாம் வடித்துவிட்டேன். பிறகு மேல் போல்ட் அசையவில்லை. அலன் சாவியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், உள்ளே இருந்த ஆறு மூலையும் வழுக்கி வட்டமாகிவிட்டது. ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி இரண்டு நாள் ஜாக் ஸ்டாண்டில் நின்றது. கடைசியில் வெல்டிங் வைத்துத்தான் அந்த போல்டை எடுத்தார்கள்.

இங்கே பார்க்க வேண்டிய குறியீடு ஜி.எல்.-4, ஜி.எல்.-5. எண் பெரிதானால் தரம் உயர்வு என்று இல்லை. ஜி.எல்.-5, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரென்ஷியலின் பெரும் அழுத்தத்துக்குச் செய்தது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் சில வகைகளில், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். வழுவழுப்பு கூடினால் அந்த வளையங்களுக்குப் பிடிப்பும் கிடைக்காது, கியர் மாற்றும்போது கரகரக்கும். ஓனர்ஸ் மேனுவலில் ஜி.எல்.-4 என்று இருந்தால் ஜி.எல்.-4 மட்டும். 75டபிள்யூ-90 என்ற எண்ணைப் பார்த்து மிகக் கெட்டி என்று மிரள வேண்டாம். கியர் ஆயிலின் அளவுகோல் வேறு, உண்மையில் அது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலின் பக்கத்தில்தான் வரும்.

ஆட்டோமேட்டிக்கில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம்), சி.வி.டி.க்கான (பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) திரவம், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கானது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸே போய்விடும். "எல்லா வண்டிக்கும்" என்று போட்ட டப்பாவைவிட, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகப் பிரிவில் பார்ட் நம்பர் கேட்டு வாங்குவதே நிம்மதி.

மாற்றுவதா வேண்டாமா என்பதில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. என் நிலை இது: கியர் சரியாக விழுகிறது, திரவம் கருத்தாலும் தீய்ந்த வாடை இல்லை என்றால், மெஷின் வைத்து மொத்தமாக அலசாமல் வடித்து நிரப்பும் முறையில் மாற்றுங்கள். ஒரு தடவை வடித்தால் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே வெளிவரும் வண்டிகள் நிறைய. அதனால் சில ஆயிரம் கி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். ஏற்கெனவே வழுக்குகிறது, தீய்ந்த வாடை அடிக்கிறது என்றால் திரவம் மாற்றிச் சரியாகாது. முதலில் கியர்பாக்ஸைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் நின்றுபோகும்போது பழி புது ஆயில் மேல் விழும். பல வண்டிகளில் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில், இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாதவர்கள் இந்த வேலையை வெளியில் கொடுப்பதே மேல்.

7. மிச்சம் உள்ளவை

பவர் ஸ்டீயரிங் எலெக்ட்ரிக் என்றால் பெரும்பாலும் திரவமே இல்லை. ஹைட்ராலிக் என்றால் மூடியைப் பாருங்கள்: சிலது ஏ.டி.எஃப். கேட்கும், சிலது தனி ஹைட்ராலிக் ஆயில் கேட்கும். ஹைட்ராலிக் கிளட்ச் பல கார்களில் பிரேக் டப்பாவிலிருந்தே திரவம் எடுத்துக்கொள்கிறது, பிரேக்கோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள். டீசல் வண்டியின் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் 32.5 சதவீதம் என்ற ஒரே அளவில்தான் வரும், டீசல் டேங்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

8. எந்த வரிசையில், எவ்வளவு செலவில்

எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் மாற்ற ஆசை வரும். வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். புதிதாக ஒரு சத்தமோ ஒழுகலோ வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

பிரேக் முதலில், அது உயிர் சம்பந்தப்பட்டது, செலவும் குறைவு. அடுத்து இன்ஜின் ஆயில். 500 கி.மீ. ஓட்டி அளவு இறங்குகிறதா என்று பார்த்த பிறகு கூலன்ட். ஹோஸ்கள் உப்பியோ வெடித்தோ இருந்தால் கூலன்ட் வடித்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிய கூலன்ட் இரண்டாவது முறை வீணாகும். கியர்பாக்ஸ் கடைசி.

பணம் குறைவாக இருந்தால் பிராண்டில் இறங்குங்கள், குறியீட்டில் இறங்காதீர்கள். சரியான குறியீடு கொண்ட பெயர் தெரியாத ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது, விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு இரண்டு மடங்கு தூரம் ஓட்டுவதைவிட நல்லது. ஒழுகலை நிறுத்தும், இன்ஜினைப் புதுப்பிக்கும் என்றெல்லாம் வரும் சின்ன பாட்டில்களுக்குச் செலவழிக்கும் காசை ஒரு புது கேஸ்கெட்டுக்கு வையுங்கள்.

வடித்த ஆயிலையும் கூலன்டையும் ஒரே கேனில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். கடைசியாக, ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, ஓடோமீட்டர் எண், டப்பாவில் இருந்த முழுக் குறியீடு மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். டப்பாவின் பின்பக்கத்தை போனில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் இப்போது அப்படி நான்கு அட்டைகள் இருக்கின்றன. கியர்பாக்ஸ் அட்டையில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறேன்: "மேல் போல்ட் முதலில்."